எலிப்புழுக்கை ஏன் காய்கிறது?

கோவையில் வடவள்ளிப் பக்கம் போனாலும் சரி, சரவணம்பட்டிப் பக்கம் போனாலும் சரி, நான்கு தெருவுக்கு ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை இருக்கிறது. எல்லாக் கடைப் பலகையிலும் ஒரே பழமொழி: வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு. எல்லாப் பாட்டிலிலும் ஏறக்குறைய ஒரே படம். ஒரு செக்கு, ஒரு காங்கேயம் காளை, பக்கத்தில் பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டிய ஒரு பாட்டி. பாட்டி சிரித்துக்கொண்டிருப்பாள். சில பாட்டில்களில் அவள் கையில் முறம் இருக்கும்.

எனக்கு அந்த எண்ணெயோடு சண்டை இல்லை. என் அடுப்பிலும் கடலெண்ணெய்தான் காய்கிறது, அதுவும் செக்கில் ஆட்டியதுதான். சண்டை அந்தப் படத்தோடு. பாட்டியைப் பாட்டிலில் ஒட்டியவர்கள் அவளுக்கு என்ன கொடுத்தார்கள், அவள் பேத்திகளுக்கு இன்று என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் பாட்டியின் எண்ணெயைப் பார்ப்போம். என் அம்மாயி வெள்ளகோவில் பக்கத்து மேட்டாங்காட்டுக்காரி. மானாவாரி நிலம். மழை பெய்தால் எள்ளும் கல்லக்காயும் வரும், பெய்யாவிட்டால் கொள்ளு. எள்ளை அவளே அறுத்து, கட்டி, வெயிலில் நிறுத்தி, உலுப்பி, புடைத்து, மண்ணும் கல்லும் போக அரித்துக் காயவைப்பாள். அதை மூட்டையாக்கிச் செக்குக்குக் கொண்டுபோவது தாத்தா. எண்ணெய் வீட்டுக்கு வந்ததும் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சாமி விளக்கு. அடுத்து ஆண்களுக்குப் புதனும் சனியும் எண்ணெய்க் குளியல். அதற்குப் பிறகு தாளிப்பு. பெண்களுக்கும் செவ்வாயும் வெள்ளியும் என்று சாஸ்திரம் இரண்டு நாள் ஒதுக்கித்தான் வைத்திருக்கிறது. ஆனால் தூக்குப்போசியின் அடியில் மீந்து நிற்பதை உச்சந்தலையில் ஒரு துளி வைத்துக்கொள்வதற்குப் பெயர் எண்ணெய்க் குளியல் என்றால், அவள் குளித்தாள். "நமக்கெல்லாம் எதுக்கு கண்ணு எண்ணெ, வேர்வையே எண்ணெதான்" என்பாள். இதைச் சொல்லிச் சிரிப்பாள். பாட்டில் படத்தில் இருப்பது அந்தச் சிரிப்புத்தான் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரே ஒரு சமயம் பெண் உடம்புக்குத் தாராளமாக எண்ணெய் ஊற்றினார்கள். வயதுக்கு வந்தபோது. பச்சை முட்டையை உடைத்து, முட்டை ஓட்டில் நல்லெண்ணெயை அளந்து ஊற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கச் சொல்வார்கள். அதன்மேல் எண்ணெய் மிதக்கும் உளுந்தங்களி. இதைப் படிக்கிற பலரும் அந்த வாடையை மறந்திருக்க மாட்டீர்கள். ஏன் அந்த வயதில் மட்டும்? இடுப்பு பலப்பட வேண்டும், கருப்பை பலப்பட வேண்டும். அடுத்த தாராளம் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு. பெண்ணுக்கு எண்ணெய் கிடைத்தது அவள் கருப்பைக்காக. இன்று இதே களியைப் "பாரம்பரியப் பெண் நலம்" என்று பொட்டலம் கட்டி விற்கிறார்கள்.

இரண்டாவது பொய் இதைவிடக் கோபமூட்டுவது. "அந்தக் காலத்துப் பெண்கள் செக்கெண்ணெயில் சமைத்தார்கள், எல்லோரும் நூறு வயது வாழ்ந்தார்கள். இந்தக் காலத்துப் பெண்கள் சோம்பேறிகளாகி ரீஃபைண்ட் பாக்கெட்டை வாங்கினார்கள், வீட்டுக்கு வீடு மாரடைப்பு வந்துவிட்டது." மேடையில் இயற்கை வாழ்வியல் பேசும் அண்ணன்கள் தொடங்கி, வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்பும் சித்தப்பாக்கள் வரை இதைத்தான் சொல்கிறார்கள். கல்லூரியில் என் மாணவி ஒருத்தி, அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததற்கு அம்மா வாங்கிய எண்ணெய்தான் காரணம் என்று உறவினர்கள் மருத்துவமனை வராந்தாவிலேயே பேசியதைச் சொல்லி அழுதாள். அப்பா முப்பது வருடம் பிடித்த பீடியைப் பற்றி அந்த வராந்தாவில் யாரும் பேசவில்லையாம்.

யார் மாற்றினார்கள் எண்ணெயை? டால்டா 1937இல் இந்தியச் சந்தைக்கு வந்தபோது எந்தப் பெண்ணும் அதைக் கொண்டுவரவில்லை. அதைக் காய்ச்சியது தொழிற்சாலை, விற்றது விளம்பரம். பிறகு எக்ஸ்பெல்லர் வந்தது, பிண்ணாக்கிலிருந்து மிச்ச எண்ணெயையும் கரைப்பான் ஊற்றிப் பிழியும் ஆலை வந்தது, மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கப்பலில் பாமாயில் வந்தது. இன்று இந்தியா தன் சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. தமிழ்நாட்டில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ரேஷன் கடையில் பாமாயில் கிடைக்கிறது, இப்போது லிட்டர் 25 ரூபாய். செக்குக் கடலெண்ணெய் அதைப்போலப் பத்து மடங்குக்குக் குறையாத விலை. களத்து வேலைக்குப் போய்விட்டு வந்து நாலு பேருக்குக் குழம்பு வைக்கிறவள் எதை வாங்குவாள்? அவள் கையில் இருந்தது ருசியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை, காசை எட்டவைக்கும் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவள் ஒழுங்காகச் செய்ததற்குக் குற்றவாளிக் கூண்டு.

இனி எண்ணெய்க்கே வருகிறேன். மரச்செக்கு ஏன் உயர்ந்தது என்று கடைக்காரரைக் கேட்டால் வாகை மரம் என்பார். உரலும் உலக்கையும் வாகை, மெதுவாகச் சுற்றும், சூடு ஏறாது, சத்து போகாது. இதில் உண்மை உண்டு. இரும்பு எக்ஸ்பெல்லரில் நூறு டிகிரியைத் தாண்டும் சூடு செக்கில் இல்லை. வாசனையும் வைட்டமின் ஈ-யும் பெருமளவு தங்கும். ஆனால் அவர் சொல்லாமல் விடுவது ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்காமல் எடுத்துப்போங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. தேடிப் பார்த்தபோது தீவனத்தில் கலந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கு காரணம் என்று தெரிந்தது. ஈரத்தில் கிடந்த நிலக்கடலையில் பிடித்த ஒரு பூஞ்சை, அதன் நஞ்சு. அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது. சமையல் சூட்டில் எளிதில் அழியாது. ரீஃபைண்ட் ஆலையில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது இந்த நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. செக்கில் அந்தக் கட்டமே கிடையாது. பூஞ்சை பிடித்த பருப்பு உரலுக்குள் போனால் அதன் நஞ்சில் ஒரு பங்கு எண்ணெயோடு வெளியே வரும். வாகை மரத்துக்கு அதைத் தடுக்கத் தெரியாது.

அப்படியானால் செக்கெண்ணெயைச் சுத்தமாக வைத்திருப்பது எது? உரலுக்கு முன்னால், ஒரு கீற்றுக் கொட்டகையிலோ வீட்டுத் திண்ணையிலோ, முறத்தில் பருப்பைப் பரப்பி வைத்துக்கொண்டு சுருங்கியதையும் கறுத்ததையும் முளைவிட்டதையும் பச்சை பூத்ததையும் பொறுக்கி எறிகிற பெண்ணின் கண். ரீஃபைண்ட் ஆலையில் ரசாயனம் செய்கிற வேலையைச் செக்கில் அவள் செய்கிறாள். அவள் கண் அசந்தால் "இயற்கை" என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை. வாடிக்கையாளர் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்கு? அவளுடைய அந்தப் பொறுக்கலுக்கும்தான். ஆனால் செக்குத்தொழிலின் கூலி ஏணியில் கடைசிப் படி எது என்று போய்ப் பாருங்கள். பொறுக்கிக் கொடுப்பவள். மூட்டைக் கணக்குக்குக் கூலி, இல்லை கிலோ கணக்குக்குக் கூலி. பொறுக்கி எறிந்தது கூடினால் எடை குறைந்து அவள் கூலியும் குறையும் ஏற்பாடுகூட உண்டு. நன்றாக வேலை செய்தால் கூலி குறையும் தொழில்!

ஈரோட்டுச் சாலையில் ஒரு செக்குக் கடையில் நான் கேட்டேன், பருப்பைப் பார்த்துப் பொறுக்குவது யாருங்க என்று.

"நம்ம வீட்டுப் பொம்பளைங்கதானுங்க. வெளியாளை விட்டா சுத்தம் இருக்காதுங்க."

கூலி?

"வீட்டு வேலைக்கு என்னங்க கூலி?" அவர் கேலியாகச் சொல்லவில்லை. என் கேள்வி அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. செக்கு ஓட்டும் பையனுக்குச் சம்பளம் உண்டு, மோட்டாருக்கு மின்கட்டணம் உண்டு, பாட்டிலுக்கும் லேபிளுக்கும் கணக்கு உண்டு.

கொப்பரைக்கு வாருங்கள். காங்கேயம் என்றதும் ஊருக்கெல்லாம் காளை ஞாபகம் வரும். வியாபாரிகளுக்கு ஞாபகம் வருவது உலர்களம். காங்கேயம், வெள்ளகோவில், முத்தூர் சுற்றுவட்டாரத்தில் தேங்காயைக் கொப்பரையாக்கும் களங்களும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்து கிடக்கின்றன. பொள்ளாச்சிக் காயும் இங்கே வந்துதான் காய்கிறது. மட்டை உரிப்பது ஆண் வேலை. அதற்குக் காய் எண்ணிக்கைக்குக் கூலி, நல்ல கூலி. அதன் பிறகு காயை உடைப்பது, சில்லைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் காயவைப்பது, ஓட்டிலிருந்து பருப்பை நெம்பி எடுப்பது, தரம் பிரிப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள். 1976இலேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. களத்தில் அதை யாரும் மீறவில்லை, மீற வேண்டிய தேவையே இல்லை. வேலையையே இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு ஆண் வேலை என்றும் மற்றதற்குப் பெண் வேலை என்றும் பெயர் வைத்தாயிற்று. கடப்பாரையில் குத்தி மட்டை உரிப்பது பலம், அரிவாளால் ஒரே வெட்டில் காயைச் சரிபாதியாகப் பிளப்பது கைப்பழக்கம். பலத்துக்கு ஒரு விலை, பழக்கத்துக்கு வேறு விலை.

பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி ஈரம். அது ஆறு சதவீத அளவுக்கு இறங்கினால்தான் ஆட்டுவதற்கு ஆகும். இடையில் மேகம் கறுத்தால் பூஞ்சை. இதற்குப் பயந்துதான் களங்களில் கந்தகப் புகை போடும் வழக்கம் வந்தது. போட்டால் கொப்பரை வெள்ளை வெளேரென்று இருக்கும், கெடாது. அந்தப் புகைக்கு நடுவில் கண் எரிய, தொண்டை கமற நிற்பவர்களும் அதே பெண்கள்தான். இப்போது செக்குக் கடைகள் "கந்தகம் போடாத கொப்பரை" என்று பெரிய எழுத்தில் போடுகின்றன. மகிழ்ச்சி. ஆனால் கந்தகத்தின் வேலையை இப்போது யார் செய்கிறார்கள்? வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஒரு தூறல் விழுந்தால் களம் முழுக்க ஓடித் தார்ப்பாய் போட்டு, வெயில் வந்ததும் எடுத்து, பூத்த சில்லைத் தனியே எறிந்து, மறுபடியும் திருப்பிப்போடுகிற பெண்கள். கந்தகம் இல்லாத எண்ணெய்க்கு விலை ஏறிவிட்டது. கந்தகத்துக்குப் பதிலாக ஓடுகிறவளுக்கு ஏறியதா? ஒரு களத்தில் ஓர் அக்கா சொன்னார்: "புகை இல்லாதது நல்லதுதான் அம்மிணி, மூச்சு வுட முடியுது. ஆனா மழை நாள்ல ராத்திரியும் இங்கயே படுக்கச் சொல்றாங்க. ராத்திரிக்குக் கூலி கெடையாது, காப்பித்தண்ணி உண்டு."

களத்தில் வேலைக்கு வருபவர்களில் பலர் அருந்ததியர், மற்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள், இப்போது வட மாநிலங்களிலிருந்து புருஷனோடு வந்த பெண்களும் உண்டு. ஆனால் பாட்டிலில் வரைந்த பாட்டி அவர்களில் ஒருத்தி இல்லை. அவள் தோட்டத்துப் பாட்டி, காதில் தண்டட்டி, பின்னால் ஓட்டு வீடு. "தூய்மை", "குலம்", "மரபு" என்ற சொற்கள் அந்த லேபிளில் வரும்போது அவை எண்ணெயை மட்டும் குறிப்பதாக என்னால் நம்ப முடியவில்லை. எண்ணெயும் சாதியும் நம் ஊரில் பழைய கூட்டாளிகள். சோழர் காலக் கல்வெட்டுகளில் சங்கரப்பாடியார் என்ற எண்ணெய் வணிகர் குழு வருகிறது, கோயில் நந்தாவிளக்குக்கு எண்ணெய் கொடுக்கும் பொறுப்பை ஏற்றவர்கள். ஊர்ப் பொதுவுக்குக் கல்செக்கு செய்து கொடுத்தவரின் பெயரைச் செக்கின் மேலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். செக்கு கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது, விளக்கு எரிந்த சாமியின் பெயரும் இருக்கிறது. எள் புடைத்தவள் பெயரை எந்தக் கல்லில் தேடுவது?

கோவைக்காரர்களுக்குச் செக்கு என்றால் இன்னொரு நினைவும் உண்டு. வ.உ.சிதம்பரனார் 1908 முதல் 1910 வரை கோவை மத்திய சிறையில் இருந்தார். மாட்டுக்குப் பதில் அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். செக்கிழுத்த செம்மல் என்று இன்றும் நெஞ்சுருகிப் பேசுகிறோம். உருகத்தான் வேண்டும், அது கொடுமை. படித்த வக்கீலை மாடாக்கியது அவமானம் என்று எல்லோருக்கும் புரிகிறது. அதே நாட்களில் சிறைக்கு வெளியே, கொங்குச் சீமை முழுக்க, விடியலில் எழுந்து கம்பு குத்தி, ராகி திரித்து, எள் புடைத்துத் தேய்ந்துபோன பெண்களை யாரும் தண்டனைக் கைதிகள் என்று எண்ணவில்லை. உடலுழைப்பு ஆணின் மேல் விழுந்தால் தியாகம், பெண்ணின் மேல் விழுந்தால் மரபு. "அம்மியில் அரைத்ததால்தான் அந்தக் காலத்தில் சுகப்பிரசவம் ஆனது" என்று சொல்கிறவர்களிடம், பிரசவத்தில் செத்தவர்களின் எண்ணிக்கையை யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.

இன்று செக்கில் மாடு இல்லை, மோட்டார் சுற்றுகிறது. ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ பருப்பைத் தள்ளிவிட்டுக்கொண்டு நிற்க வேண்டும், எள்ளாக இருந்தால் பதம் பார்த்துக் கருப்பட்டி போட வேண்டும். பதம் பார்க்கத் தெரியாத பெண் கொங்கில் இருக்கிறாளா? ஆனாலும் நான் பார்த்த கடைகளில் செக்கு ஓட்டுபவர் ஒருவர் விடாமல் ஆண். "பொம்பளைங்களுக்கு மெசின் வராதுங்க, சேலை மாட்டிக்கும்." திருப்பூரில் லட்சக்கணக்கான பெண்கள் தையல் மெசினில் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. சேலை மாட்டும் என்றால் பட்டைக்கு ஒரு கூண்டு போடுவது முதலாளியின் வேலை.

இனி நிலம். என் சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது, மறைக்கப்போவதில்லை. அம்மாயியின் மேட்டாங்காடு பிறகு கிணறு வெட்டித் தென்னந்தோப்பானது. அம்மாவின் கல்யாணத்துக்குப் போட்ட பவுனைக் கணக்குக் காட்டி, அவரிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கொங்கில் இது சடங்கு மாதிரி. தங்கச்சி வந்து கையெழுத்துப் போடுவாள், அண்ணன் ஒரு சேலை எடுத்துக் கொடுப்பான், மதியம் விருந்து. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சரியாக 60 வருடம் கழித்து, 1989இல், தமிழ்நாட்டுச் சட்டம் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனைப்போலவே பங்கு தந்தது. நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. பெரியார் பிறந்த ஈரோடும் இதே மண்ணில்தான் இருக்கிறது. சட்டம் வந்த பிறகு கொங்கில் கூடியது பங்கு இல்லை, விடுதலைப் பத்திரங்கள்தான் என்று சொன்னால் பத்திர எழுத்தர்கள் மறுக்க மாட்டார்கள். அம்மா 1991இல் கையெழுத்துப் போட்டார். அப்பா வழி நிலத்தில் எனக்கும் ஒரு பத்திரம் நீட்டினார்கள். நான் போடவில்லை. ஏழு வருடமாகத் தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்து அழைப்பு இல்லை.

அம்மாயியின் தோப்புக் காயில் இன்று எங்கள் சொந்தத்தில் ஒருவர் எண்ணெய் ஆட்டி விற்கிறார். லேபிளில் அம்மாயியின் முகம். ஒரு பழைய கல்யாணப் போட்டோவிலிருந்து எடுத்து வரைந்திருக்கிறார்கள், முறம் மட்டும் ஓவியரின் சேர்க்கை. ஒரு சென்ட் நிலம் கூடத் தன் பெயரில் இல்லாமல் செத்தவளின் முகம் அந்த நிலத்தின் சரக்குக்கு முத்திரை. என் தங்கச்சி அந்தப் பாட்டிலை வாங்கிவந்து, காலியானதும் கழுவி, லேபிளைக் கிழிக்க மனமில்லாமல் அதில் பருப்பு போட்டு வைத்திருக்கிறாள்.

நிலம் இல்லாதவளுக்கு விலையும் இல்லை. அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு 2024இல் குவிண்டாலுக்கு 11,160 ரூபாய் ஆதார விலை அறிவித்தது, 2025இல் அது 11,582. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நாஃபெட்டுக்குக் கொடுக்க வேண்டுமானால் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் வேண்டும். இந்தியாவில் சாகுபடி செய்யும் நில உடைமைகளில் பெண்கள் பெயரில் இருப்பவை 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சுமார் 14 சதவீதம். மற்ற பெண்களுக்கு, அவர்கள் எத்தனை வருடம் தேங்காய் காயவைத்திருந்தாலும், அரசு அகராதியில் "விவசாயி" என்ற சொல் பொருந்தாது. கொப்பரை விலை ஏறினால் தோப்புக்காரருக்கு லாபம், இறங்கினால் முதலில் வெட்டு விழுவது களத்துக் கூலியில்.

இது நம் ஊர் விசேஷம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ஆர்.எஸ்.புரத்துப் பெரிய கடைகளில் இப்போது அக்ரூட் எண்ணெய் குட்டிப் பாட்டிலில் கிடைக்கிறது, குளிர்முறையில் பிழிந்தது என்று. பிரான்சில் பெரிகோர் பகுதியில் அந்த எண்ணெய்க்குப் பெரிய பேர். அங்கேயும் குளிர்கால இரவுகளில் வீட்டில் உட்கார்ந்து சுத்தியலால் ஒவ்வொரு கொட்டையாகத் தட்டி, பருப்பு உடையாமல் எடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆலை ஆண்களின் கையில் இருந்தது. காஷ்மீரில் அக்ரூட்டின் பச்சைத் தோலை உரிக்கும் பெண்களின் விரல்கள் பருவம் முழுக்கக் கறுத்துக் கிடக்கும். மொராக்கோவில் ஆர்கன் கொட்டையைக் கல்லில் வைத்து உடைப்பது அமாசிக் இனப் பெண்கள். அங்கே ஸுபைதா ஷருஃப் என்ற வேதியியல் பேராசிரியை 1990களில் பெண்கள் மட்டும் சேர்ந்த கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். ஆரம்பத்தில் விதவைகளும் விவாகரத்தானவர்களும்தான் துணிந்து வந்தார்களாம், மற்றவர்களைப் புருஷன்மார் விடவில்லை. பிறகு ஆர்கன் எண்ணெய் உலக அழகுசாதனச் சந்தையைப் பிடித்தது, பெரிய நிறுவனங்கள் நுழைந்தன, லாபத்தின் பெரும்பங்கு ஏற்றுமதியாளர்களுக்குப் போனது. விளம்பரத்தில் மட்டும் இன்னும் கல்லில் கொட்டை உடைக்கும் பெண்.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் செக்கு நடத்துகின்றனவே என்று யாராவது சொல்வார்கள். நடத்துகின்றன, சில நன்றாகவே நடத்துகின்றன. அந்தக் கூடங்களுக்குப் போனால் எனக்கு மனது நிறையும். ஆனால் கடன் பெண்ணின் பெயரில், தவணை கட்டும் கவலை பெண்ணுக்கு, கடையின் கல்லாவில் உட்கார்வது புருஷன் என்ற குழுக்களையும் பார்த்தாயிற்று. சட்டமும் சிறிய கைகளுக்கு எளிதாக இல்லை. 1998இல் டெல்லியில் கலப்படக் கடுகெண்ணெயால் பலர் இறந்தபோது, சில்லறையாக எண்ணெய் அளந்து விற்பதற்கு எதிராக மத்திய அரசு ஆணை போட்டது. கலப்படக்காரனைப் பிடிக்கப் போட்ட வலை, தலையில் தூக்கு சுமந்து தெருவில் எண்ணெய் விற்றவளின் கதையையும் முடித்துவைத்தது. பொட்டலம், உரிமம், லேபிள், பரிசோதனை எல்லாம் தேவைதான். அவற்றுக்கான முதல் யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இன்னொரு ஆட்சேபணையை நான் மதிக்கிறேன். பாமாயிலைக் கலந்து செக்கெண்ணெய் என்று விற்கிறவர்களோடு போட்டிபோட முடியாமல் நேர்மையான சிறு செக்குக்காரர்கள் திணறுகிறார்கள், அவர்களைப் போய் அடிப்பானேன் என்கிறார்கள். அவர்கள் திணறுவது உண்மை. இரண்டரைக் கிலோ கடலைப் பருப்பு போட்டால் ஒரு லிட்டர் எண்ணெய் வரும், மீதம் பிண்ணாக்கு. இதில் பெரிய கொள்ளை லாபம் ஒன்றும் இல்லை. ஆனால் நெருக்கடி வந்ததும் எங்கே குறைக்கிறார்கள்? மின்கட்டணத்தைக் குறைக்க முடியாது, பாட்டில் விலையைக் குறைக்க முடியாது, ஆகவே பொறுக்குகிறவள் கூலி. பெண்ணின் கூலியைத் தின்றுதான் ஒரு நல்ல தொழில் பிழைக்க முடியும் என்றால், அதன் கணக்கு எங்கோ பிசகியிருக்கிறது. விலையில் இன்னும் ஐந்து ரூபாய் ஏற்றி அது எதற்கு என்று லேபிளில் எழுதட்டும். பாட்டியின் படம் இருக்கும் இடத்தில் தாராளமாக எழுதலாம்.

"எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது" என்று ஒரு சொலவடை. சம்பந்தமில்லாமல் கூடவே கிடந்து அல்லல்படுகிறவர்களைக் கேலி செய்யச் சொல்வது. களத்தில் எள்ளோடு எள்ளாக நாளெல்லாம் காய்கிற பெண்ணைப் பார்த்தும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன், அவளும் சேர்ந்து சிரித்தாள். எண்ணெயில் பங்கில்லை என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது.

ரேஷன் கடையில் பாமாயிலுக்குப் பதில் தேங்காயெண்ணெயும் கடலெண்ணெயும் கொடுக்கச் சொல்லிக் கொங்கு விவசாயிகள் போராடி வருகிறார்கள். அந்தக் கோரிக்கையோடு நானும் நிற்கிறேன். 25 ரூபாய்க்கு நல்ல எண்ணெய் கிடைத்தால் முதலில் சந்தோஷப்படுகிறவள் களத்து அக்காதான். ஆனால் கோரிக்கை மனுவில் இன்னும் சில வரிகள் சேர வேண்டும். அரசு எண்ணெய் வாங்கும்போது, காயவைத்துத் தரம் பிரிக்கும் பெண்களின் கூட்டுறவுகளிடமிருந்து ஒரு பங்கை நேரடியாக வாங்க வேண்டும். அதற்குச் சிட்டா அடங்கல் கேட்கக் கூடாது. களத்தில் உடைப்பவளுக்கும் உரிப்பவனுக்கும் ஒரே கூலி விகிதம் வேண்டும், பொறுக்கும் வேலை பயிற்சி பெற்ற வேலையாகக் குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் ஏற வேண்டும். மழை நாள் இரவுக் காவலுக்கு இரவுக் கூலி, களத்தில் கழிப்பறை, கந்தகம் போடும் இடத்தில் முகமூடி. போராட்ட மேடைகளில் இந்த வரிகளைப் பேசப் பெண்களுக்கு ஒலிபெருக்கி கொடுப்பார்களா என்று கேட்டேன். கூட்டம் முடிந்து சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துக்கொள்ள இருபது பெண்கள் வருகிறார்கள், அவர்களிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றார் ஓர் அண்ணன். அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் பந்திக்குப் போவதாக இல்லை. மனுவை எழுதி எடுத்துக்கொண்டு முன் வரிசையில் உட்காரப் போகிறோம். களத்து அக்காவுக்கு அன்றைய கூலி போகும், அதற்கு ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு வைத்திருக்கிறோம்.